வெற்றுப் பீப்பாய் அடுப்பான கதை

சாலைக்குத் தார் போடும் இடங்களில் கரிபடிந்து உருண்டு கிடக்கும் இரும்புப் பீப்பாய்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 'டிரம்' என்றும் 'பேரல்' என்றும் நாம் சொல்வது இதைத்தான். உள்ளே இருந்த சரக்கு தீர்ந்துபோவதோடு அதன் வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை. நெடுக்கே பிளந்து நிமிர்த்தினால் கொட்டகைக்குத் தகடு ஆகிறது. மேல்மூடியை வெட்டி எடுத்தால் கட்டட வேலைக்குத் தண்ணீர்த் தொட்டி. பக்கவாட்டில் ஒரு வாய் திறந்தால் வெந்நீர் அடுப்பு.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இதே பீப்பாய் இன்னொரு அவதாரம் எடுத்திருக்கிறது. அடியில் நான்கு துளைகள். உள்ளே ஒரு கரிக்கூடை. மேலே ஒரு கம்பிச் சல்லடை. அதன்மேல் ஒரு மூடி. இதற்குள் ஒரு பெரிய இறைச்சித் துண்டை வைத்துப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இளஞ்சூட்டிலும் புகையிலும் வேகவிடுகிறார்கள். வீட்டுக் கொல்லையில் தாங்களே செய்துகொள்ளும் இந்த அடுப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் 'அக்லி டிரம் ஸ்மோக்கர்'. அழகற்ற பீப்பாய்ப் புகையடுப்பு என்று பொருள். சைவ உணவுக்காரர்கள் முகம் சுளித்துப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாம் பார்க்கப்போவது சமையற் குறிப்பு அன்று. ஒரு பீப்பாயின் வரலாறும், அதற்குள் நடக்கும் இயற்பியலும், அதற்குள் ஒளிந்திருக்கும் ஆபத்தும்தான்.

உலகைச் சுற்றிய பெண்மணி

எண்ணெய் வாணிகம் தொடங்கிய காலத்தில் எண்ணெயை மரப்பீப்பாயில்தான் அடைத்தார்கள். இன்றும் கச்சா எண்ணெயின் விலையை 'பீப்பாய்க்கு இத்தனை டாலர்' என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அந்தப் பீப்பாய் 42 அமெரிக்கக் காலன் கொண்ட பழைய மரப்பீப்பாயின் அளவு. மெட்ரிக் கணக்கில் சுமார் 159 லிட்டர். மரப்பீப்பாய் ஒழுகும், வெயிலில் காய்ந்தால் பலகைகள் சுருங்கி இடைவெளி விடும், அதைச் செய்யத் தேர்ந்த தச்சர் வேண்டும். இரும்பில் செய்து பார்த்தவர்களும் உண்டு. ஆனால் மூட்டுகள் கசிந்தன; எடையும் அதிகம்.

இந்தச் சிக்கல் தீர்ந்த இடத்தில் நாம் எதிர்பாராத ஒருவரைச் சந்திக்கிறோம். நெல்லி பிளை என்ற புனைபெயரில் எழுதிய எலிசபெத் காக்ரேன் என்ற பத்திரிகையாளர். 1887இல் பைத்தியம் பிடித்தவரைப்போல் நடித்து நியூயார்க் மனநோய் விடுதி ஒன்றில் சேர்ந்து, அங்கு நடந்த கொடுமைகளை வெளியில் கொண்டுவந்தவர் இவர். 1889ஆம் ஆண்டு நவம்பரில் புறப்பட்டு 72 நாட்களில் உலகைச் சுற்றி வந்து பெரும் புகழ் பெற்றார். அந்தப் பயணத்தில் கப்பலுக்காகக் கொழும்பிலும் சில நாட்கள் காத்திருந்தார்.

1895இல் அவர் ராபர்ட் சீமன் என்ற தொழிலதிபரை மணந்தார். கணவர் 1904இல் இறந்தபின் புரூக்ளினில் இருந்த 'அயர்ன் கிளாட்' என்ற தொழிற்சாலை முழுவதும் இவர் பொறுப்பில் வந்தது. பால் கேன், கொதிகலன் போன்றவற்றைச் செய்துவந்த ஆலை அது. ஐரோப்பாவில் கிளிசரின் அடைத்த எஃகுக் கலங்களைப் பார்த்துவிட்டு வந்த அவர், அதுபோல் ஒன்றை நம் ஆலையில் செய்ய முடியாதா என்று முனைந்தார். அந்த ஆலையில் வேலை பார்த்த ஹென்றி வேர்ஹான் என்பவர் வகுத்த வடிவத்திற்கு 1905ஆம் ஆண்டு டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. உரிமை நெல்லி பிளைக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. பீப்பாயைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்று சில நூல்கள் எழுதுவது மிகை. வரைந்தவர் வேர்ஹான், வேண்டும் என்று கேட்டு, பணம் போட்டுச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் நெல்லி பிளை. இருவருக்கும் உரியதை இருவருக்கும் கொடுப்பதே நியாயம். அவருடைய ஆலையோ, உள்ளிருந்தவர்களே செய்த பண மோசடியால் சில ஆண்டுகளில் நொடித்துப்போனது. பீப்பாய் மட்டும் நிலைத்துவிட்டது.

பீப்பாயின் உடலில் வளையம்போல் புடைத்துக்கொண்டிருக்கும் இரண்டு வரம்புகளைக் கவனித்திருக்கிறீர்களா? அவை அழகுக்காக அல்ல. ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டி விரலால் பக்கத்தில் அழுத்திப் பாருங்கள், உடனே நசுங்கும். அதன்மேல் இரண்டு இடத்தில் கெட்டியான வளையங்களைச் செருகிவிட்டால் அவ்வளவு எளிதில் நசுங்காது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே தடிப்புள்ள தகடு 200 லிட்டர் திரவத்தைத் தாங்கும் இரகசியம் இதுதான். அதோடு, படுக்கவைத்தால் அந்த வரம்புகளே சக்கரமாகின்றன. இருநூறு கிலோ எடையை ஒரே ஆள் உருட்டிச் செல்லலாம். பொருள்களைக் கையாளும் எளிய எந்திரங்களில் இதை நான் மிக உயர்வாகவே மதிக்கிறேன்.

இரண்டாம் உலகப் போர் இந்தப் பீப்பாயை உலகம் முழுவதும் இறைத்துவிட்டது. 55 அமெரிக்கக் காலன், அதாவது சுமார் 208 லிட்டர் என்ற அளவு அப்போதுதான் எங்கும் பரவியது. அசாமிலிருந்து இமயமலையைத் தாண்டிச் சீனாவுக்குப் பறந்த விமானங்கள் பெட்ரோலை இந்தப் பீப்பாய்களில்தான் சுமந்தன. 1942இன் இறுதியில் குவாடல்கனால் தீவில் பட்டினி கிடந்த தம் வீரர்களுக்கு ஜப்பானியர், உணவு அடைத்த பீப்பாய்களைக் கயிற்றில் கோத்துக் கப்பலிலிருந்து கடலில் தள்ளிவிட்டார்கள். முழுவதும் நிரப்பாமல் சிறிது காற்று விட்டு அடைத்ததால் அவை மிதந்தன. ஆர்க்கிமிடீஸ் பார்த்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் கரைசேர்ந்தவை சொற்பமே.

போர் முடிந்தபோது காலிப் பீப்பாய்கள் குவிந்து கிடந்தன. டிரினிடாட் தீவின் ஏழை இளைஞர்கள் அவற்றின் அடித்தகட்டைக் குழிவாகத் தட்டி, இடத்துக்கு ஒரு சுரம் எழும்படி செய்து, புதியதோர் இசைக்கருவியையே படைத்தார்கள். ஜமைக்காவின் தெருவோர வியாபாரிகள் நெடுக்கே இரண்டாகப் பிளந்து, கீல் வைத்து மூடி, கோழி சுடும் அடுப்பாக்கினார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் பீப்பாய் அடுப்பாயிற்று. அங்கே அதற்கு ஒரு நீண்ட முன்கதை உண்டு.

குழியிலிருந்து பீப்பாய்க்கு

கொலம்பசுக்குப் பின் கரீபியன் தீவுகளுக்கு வந்த ஸ்பானியர், அங்கிருந்த டைனோ மக்கள் குச்சிகளால் பரண் கட்டி அதன்மேல் மீனையும் இறைச்சியையும் வைத்துக் கீழே தீமூட்டிப் பதப்படுத்துவதைக் கண்டார்கள். அந்தப் பரணின் பெயர் 'பார்பக்கோவா'. 'பார்பிக்யூ' என்ற சொல் அதிலிருந்து வந்தது. அமெரிக்கப் பெருநிலத்தின் தென்பகுதியில் இது தரையில் வெட்டிய நீண்ட குழியாக மாறியது. ஹிக்கரி, ஓக் முதலிய மரங்களை எரித்துக் கங்காக்கிக் குழியில் பரப்பி, மேலே முழுப் பன்றியைக் கம்புகளில் கிடத்தி இரவெல்லாம் காத்திருப்பார்கள். அவ்வாறு காத்திருந்தவர்கள் பெரும்பாலும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள். விருந்து தந்தவரின் பெயர் பத்திரிகையில் வரும். விடிய விடியக் கங்கு தள்ளியவரின் பெயர் வராது. விடுதலைக்குப் பின் அவர்களின் வழித்தோன்றல்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தபோது இந்தக் கலையும் கூடவே சென்றது. டென்னசியில் பிறந்து கன்சாஸ் சிட்டிக்கு வந்த ஹென்றி பெரி என்ற கறுப்பினத்தவர் 1908 வாக்கில் தெருவோரத்தில் புகையிட்ட இறைச்சியைச் செய்தித்தாளில் மடித்து விற்றார். இன்று அந்நகரின் பெருமையாகப் பேசப்படும் உணவுக்கு அவரையே மூலவராகக் கொள்கிறார்கள்.

டெக்சாசில் ஜெர்மானிய, செக் கசாப்புக்காரர்கள் விற்காமல் நின்ற இறைச்சியைச் செங்கல் அடுப்பில் புகையிட்டார்கள். அங்கே அவர்கள் எரிக்கும் மரங்களில் ஒன்று 'மெஸ்கீட்'. இது யாரோ அந்நியர் அல்லர். இராமநாதபுரத்தில் கரிமூட்டம் போடும் நம் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு!

நகரத்துச் சிறு கொல்லையில் குழி வெட்ட முடியாது. செங்கல் அடுப்புக்கும் செலவாகும். பீப்பாயோ ஓரிரு டாலருக்குக் கிடைத்தது. ஆகவே இது ஒருவர் பெயரில் எழுதக்கூடிய கண்டுபிடிப்பு அன்று. கையில் காசில்லாத, ஆனால் துளைபோடும் கருவி ஒன்று வைத்திருந்த பலர் பல ஊர்களில் செய்துகொண்டது. காசுள்ளவர்களுக்கும் ஒன்று வந்தது. சிகாகோவில் கடல் மிதவைகள் செய்யும் பட்டறை ஒன்றில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டீபன் 1952இல் ஒரு மிதவைக் கோளத்தைப் பாதியாக வெட்டி, கீழ்ப்பாதியை அடுப்பாகவும் மேல்பாதியை மூடியாகவும் ஆக்கினார். 'வெபர்' என்ற பெயரில் அது உலகெங்கும் விற்றது. ஆனால் அவர் செய்ததும் பீப்பாய்க்காரர்கள் செய்ததும் இயற்பியலில் ஒன்றே: நெருப்புக்கு ஒரு மூடி போட்டார்கள்.

காற்றை அளந்தால் வெப்பத்தை அளக்கலாம்

மூடி போடுவதில் என்ன பெரிய இரகசியம் என்று கேட்பீர்கள். திறந்த அடுப்பில் கரி எவ்வளவு போடுகிறோமோ அவ்வளவு சூடு. மூடிய பீப்பாயில் கதை மாறுகிறது. உள்ளே ஐந்து கிலோ கரி கிடந்தாலும், எவ்வளவு காற்று நுழைகிறதோ அவ்வளவுதான் எரியும். 1917இல் தார்ன்டன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் ஓர் எளிய உண்மையைக் கண்டு எழுதினார். கரிமப் பொருள்கள் எரியும்போது, எரிபொருள் எதுவாக இருந்தாலும், செலவாகும் ஆக்சிஜனின் ஒவ்வொரு கிலோவுக்கும் வெளிப்படும் வெப்பம் ஏறத்தாழ ஒன்றே: சுமார் 13 மெகாஜூல். காற்றாகக் கணக்கிட்டால் கிலோவுக்கு 3 மெகாஜூல். அப்படியானால் காற்றுத் துளைதான் அடுப்பின் திருகு. தீயை நேரில் தொடாமலே தீயை ஆளலாம்.

இனி நாம் ஒரு கணக்குப் போடுவோம். என் வகுப்பு மாணவர்களுக்கும் இதைக் கொடுப்பதுண்டு. பீப்பாயின் விட்டம் 57 செ.மீ., உயரம் 88 செ.மீ. மேற்பரப்பு ஏறத்தாழ 2 சதுர மீட்டர். உள்ளே 120 டிகிரி செல்சியசும் வெளியே 30 டிகிரியும் இருந்தால், தகட்டின் வழியே வெளியேறும் வெப்பம் தோராயமாக ஒரு கிலோவாட். இந்த வெப்பத்தை நெருப்பு ஈடுகட்ட வேண்டும். அதற்கு வேண்டிய காற்று வினாடிக்கு மூன்றில் ஒரு கிராம். கன அளவில் கால் லிட்டரைச் சற்றுத் தாண்டும். ஒரு சிறு டம்ளர் காற்று, அவ்வளவுதான்!

இந்தக் காற்றை உள்ளே இழுப்பது எது? விசிறி கிடையாது. உள்ளே உள்ள சூடான காற்று வெளிக்காற்றைவிட இலேசானது. கன மீட்டருக்கு ஏறத்தாழ கால் கிலோ குறைவு. 80 செ.மீ. உயரத்துக்கு இந்த வித்தியாசம் தரும் அழுத்தம் 2 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு! இவ்வளவு அற்பமான அழுத்தம் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் காற்றைத் துளைக்குள் தள்ளிவிடும். ஓர் அங்குல விட்டமுள்ள ஒரு துளை திறந்திருந்தால் வினாடிக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல் நுழையும். நுழைந்த காற்றின் ஆக்சிஜன் முழுவதும் எரிவதில்லை. பாதி எரிந்தது என்று வையுங்கள். நமக்கு வேண்டிய ஒரு கிலோவாட் கிடைத்துவிடுகிறது.

இப்போது கொல்லைப்புறத் தொழிலாளிகள் அனுபவத்தால் கண்ட அளவைப் பாருங்கள். பீப்பாயின் அடியிலிருந்து சுமார் இரண்டு அங்குல உயரத்தில் முக்கால் அங்குலத்திலிருந்து ஓர் அங்குலம் வரை விட்டமுள்ள மூன்று அல்லது நான்கு துளைகள். தீ பற்றி ஏறும்வரை எல்லாவற்றையும் திறந்துவைப்பார்கள். சூடு நிலைத்தபின் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒரே ஒரு துளையை, அதையும் பாதியளவு, திறந்துவிடுவார்கள். காகிதக் கணக்கும் கைப்பழக்கமும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன அல்லவா?

மற்றப் பாகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். துளையிட்ட தகட்டைச் சுருட்டிக் கரிக்கூடை செய்து, சாம்பல் விழ இடம் விட்டு அடியிலிருந்து சற்று உயர்த்தி வைக்கிறார்கள். கரிக்கு மேலே சுமார் 60 செ.மீ. உயரத்தில், நான்கு போல்ட்டுகளின்மேல் சல்லடை உட்காரும். மூடியில் புகைபோக எட்டுச் சிறு துளைகளோ ஒரு குழாயோ உண்டு. சல்லடை மட்டத்தில் ஒரு வெப்பமானி. கூடை நிறைய எரியாத கரியைப் போட்டு, உச்சியில் மட்டும் ஒரு கைப்பிடி கங்கு வைத்தால், தீ மெல்ல மெல்லப் பரவி மூன்று நான்கு கிலோ கரியில் பத்து மணி நேரம் ஓடும்.

ஒன்று கவனியுங்கள். சூடு ஏறிவிட்டதே என்று பதறி மூடியைத் திறப்பவர் தவறு செய்கிறார். திறந்த உடனே காற்று வெள்ளமாக இறங்கித் தீயை மேலும் வளர்க்கும். வீட்டு அடுப்பில் வைத்த பாத்திரத்துக்குச் சரியான பழக்கம் இங்கே தலைகீழாகிறது. இன்னொன்று: காற்றுக் குறைவில் எரியும் கரி கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். மணமில்லாத, உயிரைப் பறிக்கும் வாயு. ஆகவே இந்த அடுப்புக்குரிய இடம் திறந்த வெளி மட்டுமே. மழை என்று கொட்டகைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தக் கூடாது.

நகர மறுக்கும் வெப்பமானி

இந்த அடுப்பில் சமைப்பவர்களைப் பல காலம் குழப்பிய ஒரு புதிர் உண்டு. இறைச்சிக்குள் செருகிய வெப்பமானி முதலில் கடகடவென்று ஏறும். 65, 70 டிகிரி வந்ததும் நின்றுவிடும். ஒரு மணி, இரண்டு மணி, சில வேளை நான்கு மணி நேரம் கூட நகராது. அடுப்பின் சூடோ குறையவில்லை. கொழுப்பு உருகுகிறது, தசைநார் கரைகிறது, அதற்குத்தான் வெப்பம் செலவாகிறது என்று பலர் விளக்கம் சொல்லிவந்தார்கள். கிரெக் பிளாண்டர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு பக்கம் ஒரு கட்டி மாட்டுக் கொழுப்பு. இன்னொரு பக்கம் தண்ணீரில் நனைத்த பஞ்சு. இரண்டையும் ஒரே சூட்டில் வைத்தார். கொழுப்பின் வெப்பநிலை தடையின்றி ஏறியது. நனைந்த பஞ்சு, இறைச்சியைப் போலவே, பாதி வழியில் நின்றது!

விடை உங்கள் வீட்டு மண்பானையில் இருக்கிறது. பானையின் மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளுறை வெப்பத்தை எடுத்துச் செல்வதால் பானைநீர் குளிர்கிறது. இறைச்சியும் வியர்க்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக 540 கலோரி வேண்டும். அடுப்பு தரும் வெப்பமும் ஆவி கொண்டுபோகும் வெப்பமும் சமமாகும் இடத்தில் வெப்பநிலை நிற்கிறது. மேற்பரப்பு உலர்ந்த பிறகே மறுபடி ஏறும். அவசரக்காரர்கள் இறைச்சியை அலுமினியத் தாளில் சுற்றிவிடுகிறார்கள். ஆவியாதல் தடைப்படுகிறது, தேக்கமும் தீர்கிறது. ஆனால் இந்தத் தாமதத்தால் ஒரு நன்மையும் உண்டு. கடினமான தசைகளைக் கட்டியிருக்கும் கொல்லாஜன் என்ற புரதம் இந்தச் சூட்டில் பல மணி நேரம் இருந்தால்தான் மெத்தென்ற ஜெலட்டினாக மாறும்.

வெப்பம் ஒரு பொருள் அன்று, இயக்கமே என்பதற்குப் பீரங்கி குடைந்து 1798இல் சான்று காட்டிய ரம்ஃபோர்டு பிரபுவின் நினைவு இங்கே வருகிறது. உருளைக்கிழங்கு உலர்த்துவதற்காகத் தாம் செய்த எந்திரத்தில் ஆட்டின் தோள்பகுதி இறைச்சியை அவர் வைத்துப் பார்த்தார். மூன்று மணி நேரமாகியும் வேகவில்லை. சரிதான் என்று விட்டுவிட்டார். சமையற்காரப் பெண்கள் அதை எடுக்காமல் இரவு அப்படியே போட்டுவிட்டார்கள். காலையில் பார்த்தால் மிகப் பக்குவமாக வெந்திருந்தது!

'காலி' என்ற சொல்

இனி ஆபத்தைப் பார்ப்போம். இதைப் படித்துவிட்டு யாரேனும் பழைய இரும்புக் கடையில் ஒரு பீப்பாய் வாங்கி வெல்டிங் பட்டறைக்கு உருட்டிக்கொண்டு போகக்கூடும். அதற்கு முன் பெஞ்சமின் லீ வோர்ஃப் என்பவரை அறிமுகப்படுத்த விரும்புகிறேன். மொழியியல் படிப்பவர்களுக்குத் தெரிந்த பெயர். ஆனால் அவர் பிழைப்புக்குச் செய்தது தீக்காப்பீட்டுப் பணி. படித்தது இரசாயனப் பொறியியல். தீ விபத்து அறிக்கைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அவர் வியப்பான ஒன்றைக் கண்டார். பெட்ரோல் நிரம்பிய பீப்பாய்களுக்கு அருகில் மனிதர்கள் மிகுந்த கவனத்தோடு நடக்கிறார்கள். காலிப் பீப்பாய்களுக்கு அருகிலோ புகைபிடிக்கிறார்கள். துண்டைக்கூட வீசி எறிகிறார்கள். 'காலி' என்ற சொல் அவர்கள் மனத்தில் 'ஒன்றுமில்லை, ஆகவே ஆபத்தில்லை' என்று பொருள்பட்டுவிடுகிறது. உண்மையில் நிரம்பிய பீப்பாயைவிடக் காலிப் பீப்பாயே பயங்கரமானது. 1941இல் அவர் இறந்த பின்பும் இந்த எடுத்துக்காட்டு பாடநூல்களில் வாழ்கிறது.

ஏன் பயங்கரம்? பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்துதான் எரிகிறது. காற்றில் அதன் ஆவி நூற்றுக்கு 1.4 பங்கிலிருந்து 7.6 பங்கு வரை இருந்தால் வெடிக்கும். நிரம்பிய பீப்பாயில் காற்றுக்கு இடமில்லை. காலிப் பீப்பாயில் 200 லிட்டர் காற்று இருக்கிறது. அதை வெடிகலவையாக்க 3 லிட்டர் ஆவி போதும். அதற்கு வேண்டிய பெட்ரோல் பத்துப் பதினைந்து மில்லிலிட்டர். மூன்று தேக்கரண்டி! தலைகீழாகக் கவிழ்த்தாலும் மடிப்பு ஓரத்தில் அவ்வளவு தங்கிவிடும். கேஸ் கட்டரின் சுடரோ கிரைண்டரின் பொறியோ பட்டதும் மூடி பறக்கும். வாயைத் திறந்து வெயிலில் காயவைத்தேன் என்பதெல்லாம் காப்பாகாது. உள்ளிருப்பது பெட்ரோலே அல்ல, கனமான எண்ணெய்தான் என்றாலும், வெட்டும் சூட்டில் அதுவும் ஆவியாகும். உலகெங்கும் பட்டறைத் தொழிலாளிகள் இவ்வாறு இறந்திருக்கிறார்கள். ஆகவே எரியும் திரவமோ பூச்சிமருந்தோ வேறு இரசாயனமோ இருந்த பீப்பாயை அடுப்புக்கு நினைக்கவே கூடாது. தார் டிரம்மும் ஆகாது. விவரமறிந்த அமெரிக்கர்கள் புதிய, உட்பூச்சு இல்லாத பீப்பாயையோ, உணவு எண்ணெய் போன்றவை இருந்ததையோ தேடி வாங்குகிறார்கள்.

உட்பூச்சு என்றேன் அல்லவா? பல பீப்பாய்களின் உட்புறம் துரு பிடிக்காமலிருக்கப் பழுப்பு அல்லது சிவப்பு நிறத்தில் செயற்கைப் பிசின் பூசப்பட்டிருக்கும். சமையல் சூட்டில் அது சிதைந்து உணவில் சேரும். உணவு எண்ணெய்ப் பீப்பாயிலும் இந்தப் பூச்சு இருக்கலாம். விறகைக் குவித்து எரித்து, சுரண்டி, வெறும் எஃகு தெரியும்வரை அதை நீக்க வேண்டும். துத்தநாகம் பூசிய தகடும் சல்லடையும் விலக்கத்தக்கவை.

புகையின் மறுபக்கம்

சமையல் தேர்ந்தவர்கள் 'சன்னமான நீலப் புகை' வர வேண்டும் என்பார்கள். வெள்ளையாகக் குமுறும் புகை உணவைக் கசக்கச் செய்யும். நீலமும் வெள்ளையும் எங்கிருந்து வந்தன? ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய துகள்கள் நீல ஒளியை அதிகம் சிதறடிக்கின்றன. பெரிய துகள்கள் எல்லா நிறத்தையும் சிதறடித்து வெண்மையாகத் தோன்றுகின்றன. டிண்டால் கண்ட உண்மை இது. நன்றாக எரியும் தீயில் துகள் சிறிது. மூச்சுத்திணறும் தீயில் பெரிது. வானத்தின் நீலத்தை விளக்கும் அதே பாடம் அடுப்பங்கரையிலும் பயன்படுகிறது. மரத்தின் லிக்னின் சிதைந்து குவையக்கால், சிரிங்கால் முதலிய மணப்பொருள்கள் தோன்றுகின்றன. புகையின் வாசனை இவற்றாலேயே.

ஆனால் அதே புகையில் வேறு சிலவும் வருகின்றன. 1775இல் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைக்கூண்டு துடைக்கும் சிறுவர்கள் வளர்ந்தபின் ஒருவகைப் புற்றுநோய்க்கு ஆளாவதைக் கண்டு, புகைக்கரியே காரணம் என்றார். எந்தப் பொருள் என்று தெரிய நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாயிற்று. 1933இல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் டன் கணக்கான நிலக்கரித் தாரை வடித்துப் பிரித்து 'பென்சோபைரீன்' என்ற பொருளை இனங்கண்டார்கள். கங்கின்மேல் கொழுப்பு சொட்டி எரியும்போதும் இது பிறக்கிறது. பீப்பாய் அடுப்பில் சல்லடைக்கு நேர் கீழேயே கரி இருப்பதால் ஒவ்வொரு சொட்டும் அதில்தான் விழும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை பண்டிகைக்குச் சமைப்பவர் இதற்காக நடுங்க வேண்டியதில்லை. அன்றாடம் புகையில் நிற்பவர்களின் கதை வேறு.

மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் எண்ணெய்ப் பீப்பாய் விளையாட்டுப் பொருள் அன்று, வயிற்றுப் பிழைப்பு. கானா, செனகல் போன்ற நாடுகளில் கரைக்கு வரும் மீனைப் புகையிட்டு விற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். வெட்டிய பீப்பாயின்மேல் கம்பிவலை போட்டு, விறகு எரித்து, நாள் முழுவதும் புகைக்குள் நின்று மீனைப் புரட்டுவார்கள். கண்ணும் நெஞ்சும் கெட்டன, விறகும் வீணாயிற்று. 1970ஐ ஒட்டி, அக்ராவுக்கு அருகிலுள்ள சோர்க்கோர் என்ற மீனவக் குப்பத்தில், உணவு ஆராய்ச்சி நிலையத்தாரும் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தாரும் அந்தப் பெண்களோடு சேர்ந்து ஒரு புதிய அடுப்பை வகுத்தார்கள். மண்சுவர் அடுப்பின்மேல் மரச்சட்டமிட்ட தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அந்தத் தட்டுகளே புகைபோக்கியாகிவிடும். ஒரே தீயில் பல மடங்கு மீன் பதமாகும். 'சோர்க்கோர் அடுப்பு' என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவியது.

விறகு மிச்சமானது, பென்சோபைரீன் மிச்சமாகவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் புகையிட்ட மீனிலும் இறைச்சியிலும் அதற்கிருந்த வரம்பை, 2014 செப்டம்பர் முதல், கிலோவுக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 2 ஆகக் குறைத்தது. செனகலின் தியாரோயில் உருவான அடுப்பு இதற்கு விடை தேடியது. அதில் முதலில் மரக்கரிக் கங்கின் சூட்டில் மீனை வேகவைத்துவிடுகிறார்கள். சொட்டும் கொழுப்பு தீயைத் தொடாதபடி நடுவில் ஒரு தட்டு ஏந்திக்கொள்கிறது. புகை தனியே ஒரு சிறு பெட்டியில் உண்டாக்கப்பட்டு, வடிகட்டியின் வழியே கடைசியில் சிறிது நேரம் மட்டும் மீனைத் தொட்டுச் செல்கிறது. அமெரிக்கக் கொல்லைகளிலும் சிலர் இப்போது கரிக்கும் சல்லடைக்கும் நடுவே ஓர் இரும்புத் தட்டை வைக்கிறார்கள். சொட்டு விழும் சீற்றமும் அந்தத் தனி மணமும் போய்விடுகின்றன என்று பழைய கைகள் குறைப்படுகின்றன.